நடக்கத்தான் போகிறோம் என்றால்: கொடைக்கானலா, கோத்தகிரியா, கொல்லிமலையா?

சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் எந்த மலைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே போய் நடப்பீர்களா, வண்டியிலேயே சுற்றுவீர்களா? வண்டிதான் என்றால் எந்த மலையும் சரி. வியூ பாயிண்டில் இறங்க வேண்டியது, நாலு படம் எடுக்க வேண்டியது, ஒரு மிளகாய் பஜ்ஜி, மறுபடி ஏற வேண்டியது. அதில் தப்பே இல்லை. வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவர்கள் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் காலையில் ஐந்தாறு கிலோமீட்டர், சாயங்காலம் மூன்று நான்கு கிலோமீட்டர் என்று காலாற நடந்து, நடுநடுவே மலை விளிம்பில் நின்று கீழே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மலைக்கு மலை வித்தியாசம் உண்டு. உயரமும் பேரும் அங்கே பெரிதாக உதவாது.

ஏலகிரியையும் ஏற்காட்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஏலகிரி நல்ல மலைதான். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, மேலே 1,338 மீட்டர் உயர சுவாமிமலை உச்சி. ஏறி இறங்க அரை நாள் போதும். அதற்கு அப்புறம் நடக்க அங்கே அதிகம் இல்லை. சென்னை, பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு நாள் பயணமாகச் சரிவரும். ஏற்காட்டில் காபித் தோட்டங்கள் அழகு, ஆனால் அவை வேலிக்கு அந்தப் பக்கம். நடக்கிறவருக்கு மிஞ்சுவது வண்டிகள் ஓடும் தார்ச்சாலை. இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டில் நின்று சேலம் நகரத்து விளக்குகளைப் பார்ப்பதற்காக வேண்டுமானால் ஒரு ராத்திரி தங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் மலைகளில் பாதை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக இறங்கி நடந்துவிட முடியாது. காட்டின் பெரும்பகுதி காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு கெடுபிடி கூடியது, கூட வேண்டியதுதான். 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. ஆன்லைனில் பதிவு செய்து பணம் கட்டினால், அந்தந்த மலையைச் சேர்ந்தவர்களே வழிகாட்டியாக வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். அதனால் ஒரு மலையில் மொத்தம் எத்தனை பாதை இருக்கிறது என்ற கணக்கு எனக்கு முக்கியமில்லை. யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காமல், காலையில் எழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதுதான் கணக்கு. பொதுவாக, ஊர்க்காரர்கள் தினமும் நடக்கிற மலையில்தான் வெளியூர்க்காரரும் நிம்மதியாக நடக்க முடிகிறது.

கொடைக்கானலில் தொடங்குவோம். காட்சி ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலையின் தெற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஊர். விளிம்பு என்றால் நிஜமாகவே விளிம்பு: கோக்கர்ஸ் வாக்கின் கம்பிக்கு அப்பால் மலை அப்படியே பெரியகுளம் பக்கத்துச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. 1872-இல் கோக்கர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி சரிவை ஒட்டி அமைத்த பாதை அது. நீளம் ஒரு கிலோமீட்டர்தான். காலையில் கதவு திறந்தவுடன் போய்விட வேண்டும். வானம் தெளிந்திருந்தால் வைகை அணையின் தண்ணீர் பளபளப்பது தெரியும். வெயில் ஏற ஏறக் கீழிருந்து மேகமும் ஏறும். பிறகு முன்னால் போகிறவரின் சால்வைகூடத் தெரியாது. பதினொரு மணிக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போய், வெள்ளையாக எதையோ பார்த்துவிட்டு, ‘இதுக்கா வந்தோம்’ என்று திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஏரிக்கரையும் அப்படித்தான், நேரத்தைப் பொறுத்தது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உண்டாக்கிய ஏரி. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் இல்லாத சாலை என்பதால் முழங்கால் பிரச்சினை உள்ளவர்களும் தாராளமாக நடக்கலாம். காலை ஆறரைக்கு உள்ளூர்க்காரர்கள் மஃப்ளர் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார்கள். ஒன்பது மணிக்குக் குதிரை, வாடகை சைக்கிள், ஹாரன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அப்புறம் அது நடைபாதை இல்லை.

நடக்கிறவர்கள் ஊரைவிட்டு வட்டக்கானல் பக்கம் போவது நல்லது. அங்கிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் பல இடங்களில் மரத்தின் வேர்கள்தான் படிக்கட்டு. பாறையின் நுனியில் தடுப்பு ஏதும் இல்லை. படம் எடுப்பதற்காகப் பின்னால் நகர்கிறவர்களைப் பார்த்தால் நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அதே வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை இறங்குகிற பழைய பாதை ஒன்று உண்டு. மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளத்துக்காரர்கள் மலை ஏறியது அந்தப் பக்கமாகத்தான். வெள்ளகவியில் கோயில்கள் அதிகம். ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். மொத்தமாகச் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிற பாதை, ஆகையால் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை என்ன சொல்லும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வட்டக்கானல்–வெள்ளகவிப் பகுதி அந்த 40 பாதைகளில் ஒன்று. முறையாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு போவதே சரி.

இவ்வளவு இருந்தும் கொடைக்கானலை நான் முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம், ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே இருக்கிற தூரம். தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. அந்தச் சாலையில் நடந்தால் டூரிஸ்ட் வேனின் புகையைத்தான் குடிக்க வேண்டும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதுவும் வண்டியில்தான். மே மாதமோ தொடர் விடுமுறையோ என்றால் சொல்லவே வேண்டாம். கூட்டத்தைப் பார்த்துத்தான் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. (அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நடக்கப் போகிறவருக்கு மேலே கார் எதற்கு?)

கொடைக்கானல்தான் என்று முடிவாகிவிட்டால் ஊருக்குள் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு, பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ பஸ் பிடித்துவிடுங்கள். பூம்பாறையில் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு விளைகிற ஊர்களில் அது ஒன்று. குழந்தை வேலப்பர் கோயிலிலிருந்து வயல்களுக்கு நடுவே இறங்கி நடந்தால், அறுவடைக் காலத்தில் காற்றிலேயே பூண்டு வாசம் இருக்கும்.

அடுத்தது கோத்தகிரி. ஊட்டிக்குப் போகிறவர்கள் வழியில் டீ குடிக்கும் ஊராகத்தான் பலருக்கு இதைத் தெரியும். ஊரின் பஜார் நெருக்கடியானது, பெரிய ஏரி இல்லை, படகு இல்லை, பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு என்று எதுவுமில்லை. அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். நடப்பதற்கு இந்த மலை ஒத்துவருவதற்குக் காரணம், நிலம் பிரிந்து கிடக்கும் விதம். நீலகிரியில் பெரிய எஸ்டேட்டுகளோடு சிறு தேயிலை விவசாயிகளும் நிறைய இருக்கிறார்கள். கோத்தகிரியைச் சுற்றி ஹட்டிகள், அதாவது படகர் இன மக்களின் ஊர்கள், ஒன்றையொன்று பார்த்தபடி குன்றுகளின் மேல் இருக்கின்றன. ஒரு ஹட்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தேயிலைச் செடிகளை வகிர்ந்துகொண்டு போகும் ஒற்றையடிப் பாதைகளில் பள்ளிப் பிள்ளைகள் போவார்கள், இலை பறிக்கிறவர்கள் போவார்கள், பால் கேனோடு ஒருவர் போவார். நீங்களும் போகலாம். பெரிய எஸ்டேட் கேட்டுக்குள் மட்டும் கேட்காமல் நுழையாதீர்கள். வழி தவறினாலும் பயமில்லை. எந்தப் பாதையும் ஏதாவது ஒரு ஹட்டியில் கொண்டுபோய் விடும், அங்கே பஸ் நிறுத்தம் இருக்கும்.

முதல் நாளுக்குக் கன்னேரிமுக்கு போதும். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவில், 1819-இல் இந்த மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா இருக்கிறது. இப்போது அது நீலகிரி வரலாற்றைச் சொல்லும் சிறு காட்சியகம். ஊட்டிக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் கால்வைத்த இடம் இதுதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டாம் நாள் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் பரப்பில், ஊருக்குப் பக்கத்திலேயே தப்பிப் பிழைத்த சோலைக்காடு. 2024-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும்; ட்ரெக் தமிழ்நாடு பட்டியலிலும் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நுழைந்த பத்தாவது அடியில் குளிர் முகத்தில் படும். அடிமரம் முதல் கிளை வரை பாசி, பாசிக்கு மேல் பெரணி, காலடியில் மெத்தென்று மக்கிய இலை. நீலகிரிச் சிரிப்பான் குருவிகள் எங்கிருந்தோ கெக்கலித்துக்கொண்டே இருக்கும். கண்ணில் படுவதற்குப் பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும், பெரிய ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

காட்சிக்குக் கோடநாடு. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர், பஸ் உண்டு. கொடைக்கானலில் பார்ப்பது சமவெளி என்றால் இங்கே பார்ப்பது பள்ளத்தாக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழத்தில் மாயாறு ஓடுகிறது, அதன் கரையில் காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா ஊரின் வயல்கள், தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பு, ஒரு பக்கம் இருளர்கள் கும்பிடும் ரங்கசாமி மலை. பார்க்கப் பார்க்க அலுக்காது. கீழே ஏதாவது ஒன்று புதிதாகக் கண்ணுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். குன்னூர் பக்கம் லேம்ப்ஸ் ராக்கும் இன்னொரு டால்பின் நோஸும் இருக்கின்றன. (இந்தப் பெயரை வெள்ளைக்காரர்கள் மலைக்கு ஒன்று என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.) அங்கிருந்து எதிர்ப்பக்கச் சரிவில் கேத்தரின் அருவி விழுவது தெரியும். அந்தச் சாலையில் வாரநாளில் நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

கோத்தகிரியில் நான் பயப்படுகிற விஷயம் விலங்கு. தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும். செடிக்கு மேல் கரிய முதுகு மட்டும் தெரியும். பாறை என்று நினைத்து நடந்தால் அது தலையைத் தூக்கும். கரடியும் ஹட்டிகளுக்குள் வந்து போகிறது. அதனால் விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடையே வேண்டாம். காலையில் கிளம்பும்போது டீக்கடையில் ‘அந்தப் பக்கம் மாடு நிக்குதாண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அன்றைய செய்தி தெரிந்திருக்கும். தண்ணீருக்குக் கையில் ஒரு எவர்சில்வர் பாட்டில் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

மழை விஷயத்திலும் கோத்தகிரிக்குத் தனிக் கணக்கு. தொட்டபெட்டா முகடு மேற்கே மறைப்பதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூரும் அவலாஞ்சியும் நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே தூறலோடு தப்பிக்கலாம். அக்டோபர், நவம்பர்தான் இதற்கு ஆகாத மாதங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் எச்சரிக்கை அறிவித்திருந்தால் டிக்கெட்டை ரத்து செய்வதே மேல்.

கொல்லிமலை இந்த இரண்டோடும் சேராத ஜாதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிரும் இல்லை, தேயிலையும் இல்லை, ஆங்கிலப் பெயர் வைத்த பாறைகளும் இல்லை. உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். ஏப்ரல் மாதப் பகலில் வேர்க்கும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றிலும் ஏற வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏற வேண்டாம். மேலே ஏறியதும் அடுத்த ஆச்சரியம்: மலை உச்சி என்று எதுவும் இல்லை, ஒரு முழு நாடே விரிந்து கிடக்கிறது. நாடு என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்: வளவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று. நெல் வயல், சாமை, தினை, பலா, மிளகுக் கொடி ஏறிய மரங்கள், அன்னாசி. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. அங்கே இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் ஊர் இருக்கிறது, எல்லா ஊருக்கும் நடக்கிற வழி இருக்கிறது. ஒரே சிக்கல், தூரம் கேட்டால் ‘இந்தா, கொஞ்ச தூரந்தான்’ என்பார்கள். மலைக்காரர்களின் கொஞ்ச தூரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்குகின்றன. ஐயாறு முந்நூறு அடி அளவுக்கு விழுகிற இடம். இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். ஏறும்போது பேச்சு நின்றுவிடும். கடைசிப் படிகள் சாரலில் எப்போதும் ஈரம், அங்கே கைப்பிடியை விடாதீர்கள். மழை பலமாக இருந்தால் இறங்க விடமாட்டார்கள். வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பார்கள். செம்மறி ஆட்டுக்காலை ரோமத்தோடு வெட்டி வைத்தாற்போல இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, நறுக்கி, இடித்து, மிளகும் சீரகமும் போட்டுச் சூப் வைத்துத் தருவார்கள். முழங்கால் வலிக்கு அது மருந்து என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. மருந்தோ இல்லையோ, ஆயிரம் படி ஏறியவருக்கு அந்தச் சூடும் காரமும் தேவைப்படும்.

காட்சிக்குச் சீக்குப்பாறையும் சேலூர் வியூ பாயிண்டும். மூன்று மலைகளில் இதுதான் உயரம் குறைவு, ஆனாலும் எனக்கு இந்தப் பார்வையில் ஒரு தனி விருப்பம் உண்டு. கொடைக்கானலிலிருந்து பார்த்தால் கீழே இருப்பதெல்லாம் நீலப் புகையாகக் கலந்துவிடுகிறது. கொல்லிமலையின் ஆயிரம் மீட்டரில் எதுவும் மறைவதில்லை: இது ஏரி, இது தென்னந்தோப்பு, அதோ போகிறது பஸ் என்று கையை நீட்டிக் காட்டலாம். மாலையில், வெயில் சாய்வாக விழும்போது போங்கள். ஆடிப் பெருக்கை ஒட்டி நடக்கும் ஓரி விழாவின்போது தங்க இடம் கிடைப்பது கஷ்டம். மற்ற நாளிலும் விடுதிகள் சுமார்தான். ஆனால் மூன்றிலும் செலவு குறைவு இங்கேதான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? டிசம்பர், ஜனவரியில் காற்று தெளிவாக இருக்கும், கொடைக்கானல் விளிம்பில் நிற்க அதைவிட நல்ல காலம் இல்லை. பொங்கல் விடுமுறையைத் தவிர்த்துவிட்டு, வாரநாளில், அரசு பஸ்ஸில் போங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை எப்போது வேண்டுமானாலும் கொல்லிமலை. முழங்கால் நன்றாக இருந்தால் மட்டும். மாணவர்கள், கையில் காசு குறைவாக உள்ளவர்கள், குளிருக்கு அஞ்சுகிறவர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம். பிப்ரவரி, மார்ச்சில் காட்டுப் பாதைகள் மூடிக் கிடக்கும்போதும், மே மாதத்தில் மற்ற மலைகள் நிரம்பி வழியும்போதும், ஜூலையில் நடக்க ஆசை வந்தாலும் கோத்தகிரிதான் கைகொடுக்கும். எந்த மாதம் என்று சொல்லாமல் பொதுவாக ஒன்றைச் சொல் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஹட்டிப் பாதைகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். எதிரிலேயே மலை ரயில் நிற்கும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரயில், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது கோத்தகிரி வழியாகப் போகாது. போகும்போது பஸ்ஸில் கோத்தகிரிக்கு ஏறிவிட்டு, கடைசி நாள் குன்னூருக்குப் பஸ் பிடித்து, பிற்பகலில் இறங்கும் மலை ரயிலில் வாருங்கள். சாயங்காலம் மேட்டுப்பாளையம் வந்துசேர்ந்தால், சாப்பிட்டுவிட்டு இரவு ரயில் ஏற நேரம் இருக்கும். மலை ரயிலுக்கு முன்பதிவு தொடங்கிய அன்றே இடம் தீர்ந்துவிடுகிறது. கிடைக்கவில்லை என்றாலோ மழையில் ரத்து செய்துவிட்டாலோ, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு.